விவாதம்: பிறந்தநாள் வழக்கங்களை வைத்து ஓர் ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு – நாதஸ்வரத்தை எங்கே கொண்டுவருவது?

சுங்கை நிபோங் செல்லோ (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பினாங்கில் இயங்கும் ஓர் இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பத்து நிமிட அளவில் ஒரு புதிய படைப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டுப் பிறந்தநாள்தான் அதன் பொருள். மரக்காற்றுக் கருவிகளில் ஒவ்வொன்றும் இரண்டு, ஹார்ன் நான்கு, டிரம்பெட் இரண்டு, டிரம்போன் மூன்று, தாளக் கருவிகளுக்கு மூவர், நரம்பிசைப் பிரிவு முழுவதும் என்பது குழுவின் அளவு. இவற்றுடன் ஒரு நாதஸ்வரத்தையும் ஒரு தவிலையும் சேர்த்துக்கொள்ள இசை இயக்குநர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்போதைய வரைவு இரண்டு பாகங்களாக இருக்கிறது. முதல் பாகம் காலை: கோவில் அர்ச்சனை, ஓரத்தில் மஞ்சள் தடவிய புத்தாடை, வீட்டில் பாயசம். இதற்காக நீலாம்பரியில் ஒரு தாலாட்டை வயலின்களுக்கும் வயோலாக்களுக்கும் கொடுத்திருக்கிறேன். இரண்டாம் பாகம் மாலை: 21-ஆம் பிறந்தநாள் நடக்கும் மண்டபம். விளக்குகள் அணைகின்றன, சாவி வைத்து அலங்கரித்த கேக் வருகிறது, எல்லாரும் அறிந்த ஆங்கில வாழ்த்து மெட்டு கிளாரினெட்டில் துண்டு துண்டாகத் தொடங்கி முழுக் குழுவுக்கும் பரவுகிறது. இறுதியில் நாதஸ்வரமும் தவிலும் நுழைந்து கெட்டிமேளத்தில் முடிகிறது.

வரைவைக் கணினியில் ஓடவிட்டுக் கேட்டபோது முதல் பாகம் தேறியது. இரண்டாம் பாகமோ மண்டப ஒளிப்பதிவுக்குப் பின்னால் போடும் இசையாகவே காதில் விழுந்தது. காலைக்கும் மாலைக்கும் இடையே எந்த உறவும் இல்லை. நாதஸ்வரம் நுழைந்த கணத்தில் அவ்வளவு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவும் சுருதிப்பெட்டியாகச் சுருங்கிவிடுகிறது. நாதஸ்வரத்தை எந்த இடத்தில், எந்தச் சுருதியில் கொண்டுவருவது என்பதில் அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கடைசி வரிசை

அந்த ஆங்கில மெட்டு இந்தப் படைப்புக்குள் எதற்கு? அவையோர் அதை அடையாளம் கண்டு சிரிப்பார்கள். சிரித்த பிறகு, மீதமுள்ள நிமிடங்களில் அடுத்த வேடிக்கைக்காகக் காத்திருப்பார்களே தவிர இசையைக் கேட்கமாட்டார்கள்.

இரட்டைச் சீவாளி

கோலாலம்பூரில் ஓபோ வாசிப்பவள் நான். கடைசி வரிசை ஐயா கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் அந்த மெட்டைப் பெரிய கைகளும் தொட்டிருக்கின்றன, தொட்ட விதம்தான் வேறு.

1913-இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' அரங்கேறியபோது அதை நடத்தியவர் பியர் மோந்தே. அவருடைய 80-ஆவது பிறந்தநாளுக்காக 1955-இல் ஸ்ட்ராவின்ஸ்கி இதே வாழ்த்து மெட்டை வைத்து 'வாழ்த்து முன்னிசை' என்று ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒரு துணுக்கை எழுதினார். பாஸ்டன் சிம்பொனி அதை வாசித்தது. அதில் மெட்டின் ஸ்வரங்கள் வரிசை மாறாமல் வருகின்றன. ஆனால் அடுத்தடுத்த ஸ்வரங்கள் வெவ்வேறு ஸ்தாயிகளில் சிதறிக் கிடப்பதால், தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்த்துப் பெயர் நினைவுக்கு வராமல் தவிக்கும் நிலை கேட்பவருக்கு உண்டாகிறது. பீட்டர் ஹைட்ரிக் செய்தது இதற்கு நேர்மாறு. பாக், ஹைடன், மோட்சார்ட், பேத்தோவன் என்று ஒவ்வொருவர் பாணியிலும் அந்த மெட்டுக்கு வேடம் கட்டி அவர் எழுதிய நரம்பிசை வேறுபாடுகள் நன்றாகச் சிரிக்கவைக்கும். அதற்கு மேல் அவற்றிடம் எதுவும் எதிர்பார்க்கக் கூடாது.

இவ்விருவரும் எடுத்துக்கொண்டது மெட்டை. வழக்கத்தை எடுத்துக்கொண்டவர் வாக்னர். 1870 டிசம்பர் 25 காலையில், லூசெர்ன் அருகே திரிப்ஷென் வீட்டின் மாடிப்படிகளில் ஒரு சிறு குழுவை நிறுத்தி, உறங்கிக்கொண்டிருந்த மனைவி கோசிமாவுக்குப் பிறந்தநாள் பரிசாக 'சீக்ஃபிரீட் ஐடில்' என்ற படைப்பை வாசிக்கச் செய்தார். அவள் பிறந்தது 24-ஆம் தேதி. கொண்டாடியது 25-ஆம் தேதி. அதில் எந்த வாழ்த்துப் பாட்டும் கிடையாது. உறங்குபவரைப் பிறந்தநாள் விடியலில் மெல்ல எழுப்புவது என்ற செயலே அந்த இசையின் வடிவமாக இருக்கிறது: நரம்பிசையில் மிக மெல்லத் தொடங்கி, ஒவ்வொரு கருவியாகக் கண்விழிக்கிறது.

எனவே நண்பரின் சிக்கல் மெட்டில் இல்லை என்பது என் எண்ணம். காலையில் வழக்கத்தைப் படமாக வரைகிறார், மாலையில் மெட்டை மேற்கோளாகக் காட்டுகிறார். இரண்டிலும் வழக்கம் எப்படி இயங்குகிறது என்பது இசைக்குள் வரவில்லை.

உரிமை பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அந்த மெட்டு, ஹில் சகோதரிகள் 1893-இல் வெளியிட்ட பாலர் பள்ளிப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. சொற்களின் மீது அமெரிக்காவில் இருந்த உரிமைக் கோரிக்கையை 2015-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. மலேசியாவில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரைதான் பாதுகாப்பு; சகோதரிகளில் பின்னர் மறைந்தவர் 1946-இல் மறைந்தார். அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

செந்தூல் லயம்

மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். வழக்கம் எப்படி இயங்குகிறது என்று இரட்டைச் சீவாளி அம்மா கேட்டிருப்பது சரியான கேள்வி. அதற்கு விடை அர்ச்சனைத் தட்டிலேயே இருக்கிறது.

குருக்கள் சங்கல்பம், அதாவது இன்ன காலத்தில் இன்னார் பெயரில் பூசை என்று அறிவிக்கும் வாசகம், சொல்லும்போது எதிலிருந்து தொடங்குகிறார் என்பதைக் கவனியுங்கள். கற்பம், மன்வந்தரம், யுகம் என்று நம் கணக்குக்கு அடங்காத காலத்தில் தொடங்குகிறார். பிறகு அறுபதில் இது எந்த வருடம், எந்த அயனம், எந்த ருது, எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, என்ன கிழமை, என்ன நட்சத்திரம் என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதற்குப் பிறகுதான் கோத்திரம், நட்சத்திரம், ராசி, பெயர். அண்டம் முழுவதும் சுருங்கி, குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்து நிற்கும் ஒரு பையனின் பெயரில் முடிகிறது. பினாங்கு குயீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலிலோ எங்கள் பக்கத்துக் கோவில்களிலோ கூட்டம் மிகுந்த வெள்ளிக்கிழமையில் இவ்வளவும் சில நொடிகளில் ஓடிவிடும். ஆனால் வரிசை மாறாது. முழு ஆர்க்கெஸ்ட்ராவில் தொடங்கி ஒற்றைக் கருவியில் முடியும் ஓர் இசை வடிவம் இதற்குள் ஆயத்தமாக இருக்கிறது. கெட்டிமேளத்தில் முடிப்பது திருமண வழக்கம். பிறந்தநாளுக்கு அது பொருந்தாது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பிறந்தநாள் ஆங்கிலத் தேதி அன்று வருவதில்லை. பிறந்த தமிழ் மாதத்தில் சந்திரன் பிறந்த நட்சத்திரத்துக்குத் திரும்பும் நாளே நமக்குப் பிறந்தநாள். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஏறத்தாழ 27.3 நாளில் சுற்றிவருகிறது. அறுபதாம் ஆண்டு நிறைவை நாம் சிறப்பிப்பதற்கும் இத்தகைய கணக்குதான் காரணம். குரு ராசிச் சக்கரத்தை ஒரு சுற்று வர 12 ஆண்டுகள், சனி ஒரு சுற்று வர 30 ஆண்டுகள். குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடிக்கும்போது 60 ஆகிறது. பிறந்த வருடத்தின் பெயர் திரும்புகிறது. திருக்கடையூரில் தம்பதியர் தலையில் கலச நீர் ஊற்றுவது அந்தச் சந்திப்புக்காகத்தான். ஆயிரம் பிறை கண்டவர் என்று சொல்லும் சதாபிஷேகமும் அப்படியே: 29.53 நாளுக்கு ஒரு பௌர்ணமி என்றால் ஆயிரம் பௌர்ணமிக்கு எண்பது ஆண்டும் பத்து மாதமும் ஆகும்.

பிறந்தநாள் என்பது சுழற்சிகள் சந்திக்கும் நாள் என்று எடுத்துக்கொண்டால், தாளக்காரனுக்கு அதைவிட இனிப்பான பொருள் கிடைக்காது.

சுங்கை நிபோங் செல்லோ

ஐயா, மிக்க நன்றி. படித்தவுடன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குருவுக்கு 12 அடி (தாள எண்ணிக்கை), சனிக்கு 30 அடி, சந்திரனுக்கு 27 அடி என்று மூன்று சுழற்சிகளை ஒரே நேரத்தில் தொடங்கினால், மூன்றும் மறுபடி ஒரே அடியில் சேர்வதற்கு 540 அடிகள் தேவைப்படுகின்றன. குரு 45 சுற்று, சனி 18 சுற்று, சந்திரன் 20 சுற்று. நிமிடத்துக்கு 60 அடி என்ற காலப்பிரமாணத்தில் இது சரியாக ஒன்பது நிமிடம்.

சனியை டிரம்போன்களுக்கும் கான்ட்ராபாஸ்களுக்கும் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது: 30 அடிக்கு ஒருமுறை மட்டும் மாறும் நீண்ட ஸ்வரங்கள். குருவை ஹார்ன்களுக்குக் கொடுக்கலாம். சந்திரன் வயலின்களில் ஓடட்டும்.

கடைசி வரிசை

தாளில் மிக அழகாக இருக்கிறது. தாளில் அழகாக இருந்து காதுக்கு ஒன்றும் எட்டாத படைப்புகளை டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் அரங்கில் உட்கார்ந்து போதிய அளவு கேட்டிருக்கிறேன். நிகழ்ச்சிக் குறிப்பைப் படித்தால் மட்டுமே புரியும் கணக்கு, அந்தக் குறிப்பின் அழகே தவிர இசையின் அழகு அன்று. 27 நொடிக்கு ஒருமுறை ஏதோ திரும்புகிறது என்பதை எந்தக் காது கண்டுகொள்ளும்? அதோடு, உண்மையான குருவுக்கு ஒரு சுற்றுக்கு 11.86 ஆண்டுகளும் சனிக்கு 29.46 ஆண்டுகளும் ஆகின்றன. அவை 60-இல் துல்லியமாகச் சந்திப்பதும் இல்லை.

செந்தூல் லயம்

வானியல் நூலுக்கு இசையமைக்கவில்லை, ஐயா, வழக்கத்துக்கு இசையமைக்கிறார். வழக்கம் 12 என்றும் 30 என்றும்தான் எண்ணுகிறது.

காதுக்கு எட்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்கிறேன். 27 அக்ஷரத்தை, அதாவது 27 தாள எண்ணிக்கையை, ஒரே மூச்சில் யாரும் எண்ணமாட்டார்கள். கர்நாடக இசையின் அடிப்படைத் தாளங்களான சூளாதி சப்த தாளங்களின் 35 வகைகளிலும் 27 அக்ஷரத் தாளம் கிடையாது. 23 உண்டு, 29 உண்டு, 27 இல்லை. ஆனால் சோதிடக் கணக்கே அந்த 27-ஐ மூன்று ஒன்பதாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஜன்ம தாரை, சம்பத்து தாரை, விபத்து தாரை என்று ஒன்பது தாரைகள்; பத்தாவது நட்சத்திரத்தில் மறுபடி ஜன்ம தாரையே வரும். அசுவினியில் பிறந்தவருக்கு மகமும் மூலமும் அந்த உறவில் வருகின்றன.

ஆகவே கண்ட ஜாதி திரிபுட தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்து அக்ஷர லகு ஒன்று, இரண்டு அக்ஷரத் திருதம் இரண்டு, மொத்தம் ஒன்பது. ஒரு தட்டு, நான்கு விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. தாளத்தின் ஒரு முழுச் சுற்று ஓர் ஆவர்த்தனம்; மூன்று ஆவர்த்தனம் சேர்ந்தால் ஒரு நட்சத்திரச் சுற்று. ஒன்பது அக்ஷரம் எந்தக் காதுக்கும் எட்டும். எட்டாத காதுக்கும் உடம்பில் தெரியும். மேளக்குழுவில் கைத்தாளம் போடுபவர் எப்போதும் இருப்பார். அவரை மேடையில் உட்காரவைத்து அந்தத் தட்டுகளை மட்டும் ஒலிக்கச் செய்யுங்கள்.

ஒரு நன்மையையும் கவனித்திருப்பீர்கள். 540-ஐ ஒன்பதால் வகுத்தால் 60. தவில் கலைஞர் எண்ணவேண்டியது 540 அடிகளை அன்று. கண்ட திரிபுடையில் அறுபது ஆவர்த்தனங்களை. மேற்கத்திய இசைத்தாள் படிக்காத கலைஞர் கூட அதை எண்ணிவிடுவார்.

காலப்பிரமாணம் 60 வேண்டாம், சற்று இழுக்கும். 72-இல் வைத்தால் 540 அடிகளும் ஏழரை நிமிடத்தில் முடியும். சொல்லவேண்டியது மீதி இருந்தால் அதற்கும் இடம் இருக்கும்.

நெறியாளர்

2025 மார்ச் மாதம் லண்டனில் அரங்கேறிய இளையராஜாவின் சிம்பொனியை இதனுடன் ஒப்பிட்டு வந்த மூன்று மறுமொழிகள், அதற்கென்று இருக்கும் தனி இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே பொருளை ஒட்டியே எழுதுமாறு வேண்டுகிறேன்.

ஆயர் ஈத்தாம் வாசி

நான் இசைக்கலைஞன் இல்லை. பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். பினாங்கின் பிறந்தநாள் என்று எழுதிவிட்டுத் தமிழ் வீட்டோடு நிறுத்திக்கொள்வது சரியா என்பதே என் ஐயம். பக்கத்து வீட்டுச் சீனக் குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்தால் எங்கள் வீட்டுக்குச் சிவப்பு முட்டையும், மஞ்சள் சோறும், கோழிக்கறியும், ஆமை அச்சில் வார்த்த சிவப்பு ஆங் கூ பலகாரமும் பெட்டியில் வரும். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் கடலோரச் சீனக் குடியிருப்பான சியூ ஜெட்டியில் கரும்பு கட்டி, மேசைகளை நீளமாக அடுக்கிப் படையல் போடுகிறார்களே, அதுவும் விண்ணுலகப் பேரரசரின் பிறந்தநாள்தான். மலாய் நண்பர்கள் அந்த ஆங்கில மெட்டிலேயே இறைவன் உன்னைக் காக்கட்டும் என்ற பொருள்பட மலாயில் பாடுகிறார்கள். மலாய்க் கைமுரசான கொம்பாங், சீனப் பெருமுரசு, தவில் மூன்றும் கடைசியில் சேர்ந்தால் பினாங்கு முழுமையாகத் தெரியுமே?

கடைசி வரிசை

மூன்று முரசுகளும் கடைசியில் சேர்வதை நாம் எத்தனை திறப்பு விழாக்களில் பார்த்துவிட்டோம்! ஒவ்வொரு முரசும் தன் முறை வரும்வரை காத்திருந்து, தனக்கு அளித்த எட்டுத் தாளக்கட்டை வாசித்து, பிறகு எல்லாம் ஒன்றாக இடித்து, வண்ணக் காகிதத் துண்டுகள் மேலிருந்து கொட்டும். அதில் எந்த இனத்தின் இசையும் கேட்பதில்லை. விழாக்குழுவின் நல்லெண்ணம் மட்டுமே கேட்கிறது. மோகனமும் சீன ஐந்து ஸ்வர வரிசையும் ஒன்றே என்று கண்டுபிடித்து அதில் ஒரு பாலம் கட்டும் உத்தியையும் சேர்த்தே சொல்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

ஆயினும் ஆயர் ஈத்தாம் வாசி சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. பெட்டி பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்பது. அவர்கள் நம் விழாவுக்கு வந்து முரசு அடிப்பதில்லை. தங்கள் வீட்டில் நடந்ததன் ஒரு பங்கை நம் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இசையில் இதைச் செய்யமுடியும். ஒரு சிறு சொற்றொடர் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு முழுமையாக, எந்த அலங்காரமும் இல்லாமல் கைமாறலாம். முரசு தேவையில்லை.

ஆயர் ஈத்தாம் வாசி

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் எங்கள் தெருவில் கிடையாது. கைமாறிய சொற்றொடர் பிறகு எப்போதாவது, வேறு ஏதோ ஒன்றைச் சுமந்து திரும்பவேண்டும்.

இரட்டைச் சீவாளி

நாதஸ்வரத்தைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. ஓபோவும் நாதஸ்வரமும் இரட்டைச் சீவாளி (ஊதும் முனையில் பொருத்தும் நாணல் துண்டு) கொண்ட கருவிகள் என்பதால் சில நடைமுறைச் செய்திகளைச் சொல்கிறேன்.

முதலில் சுருதி. டி. என். ராஜரத்தினம் பிள்ளை பரப்பிய நீண்ட பாரி நாதஸ்வரத்தைத்தான் இன்று பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். அதன் சுருதி இரண்டு கட்டை அல்லது இரண்டரைக் கட்டை. இரண்டரை என்றால் ஆதார ஸ்வரம் ஈ ஃபிளாட். பித்தளைக் கருவிகள் மகிழும், நரம்பிசைக்கோ திறந்த தந்தி ஒன்றுகூடக் கிடைக்காது. இரண்டு கட்டை என்றால் டி. வயலின், வயோலா, செல்லோ மூன்றிலும் டி என்பது திறந்த தந்தி. முன்காலத்தில் ஒத்து என்னும் சுருதிக் குழலை ஊதியவர் செய்த வேலையை உங்கள் நரம்பிசைப் பிரிவு அந்தத் திறந்த தந்திகளில் இயல்பாகச் செய்யும். எனவே கலைஞரிடம் முதலில் கேட்கவேண்டியது, அவரிடம் இரண்டு கட்டை நாயனம் (நாதஸ்வரம்) இருக்கிறதா என்பதுதான்.

இரண்டாவது, குளிர்சாதனம். கோவில் பிரகாரத்தின் வெக்கையில் வாசித்துப் பழகிய கருவி, நம் அரங்குகளின் குளிரில் சுருதி இறங்கும். நரம்புக் கருவிகளோ குளிரில் ஏறும். கச்சேரி தொடங்குவதற்குள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்திருக்கும். கலைஞர் நாயனத்தில் தொங்கவிட்டிருக்கும் சீவாளிகளிலிருந்து பொருத்தமான ஒன்றைத் தேர்ந்து, ஈரப்படுத்தி, ஊசியால் துளையைச் சீர்செய்து, உதட்டழுத்தத்தால் சமாளிப்பார். அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். கடைசி நிமிடத்தில் நுழையப்போகிறவரை மேடையின் குளிர்க்காற்றில் ஏழரை நிமிடம் சும்மா உட்காரவைப்பது அவருக்குச் செய்யும் கொடுமை.

இதிலிருந்து மூன்றாவது செய்தி தானாக வருகிறது. அவரை மேடையில் வைக்காதீர்கள். பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸ் 1985-இல் எழுதிய 'ஆர்க்னித் திருமணமும் சூரிய உதயமும்' என்ற படைப்பில், ஊர்த் திருமண விருந்து முழுவதையும் ஆர்க்கெஸ்ட்ராவே நடத்துகிறது. குடி ஏற ஏற வாசிப்பு தள்ளாடுவது உட்பட. விடியும்போது மட்டும் ஸ்காட்லாந்து ஊதுபைக் கலைஞர் ஒருவர் அரங்கின் பின்புறத்திலிருந்து வாசித்துக்கொண்டே நடந்துவருகிறார். அந்தக் கருவியும் நாயனம் போன்றதுதான்: உரத்த ஒலி, தனக்கென்று ஒரு சுருதி, மேற்கத்திய ஸ்வர இடைவெளிகளுக்குக் கட்டுப்படாத குணம். மேடையில் ஆர்க்கெஸ்ட்ராவுடன் சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று அழிக்கும். தொலைவிலிருந்து வரும்போது, அந்தச் சிறு சுருதி வேறுபாடு தூரத்தின் அழகாக மாறுகிறது.

தவிலும் கைத்தாளமும் மேடையில் இருக்கலாம். ஆனால் தவிலின் வலப்பக்க விரல்கூடுகளும் இடப்பக்கப் பூவரசங்கோலும் எழுப்பும் ஒலி, மூடிய அரங்கில் உங்கள் மரக்காற்றுப் பிரிவை முற்றிலும் மறைத்துவிடும். கூடு கழற்றி வெறும் விரலால் வாசிக்கும் பகுதி கொஞ்சம் இருக்கட்டும்.

கடைசி வரிசை

முதல் மறுமொழியில் அந்த ஆங்கில மெட்டு வேண்டாம் என்று எழுதினேன். மெட்டை முழுமையாக வாசிப்பதை இப்போதும் எதிர்க்கிறேன். ஆனால் லயம் ஐயா சங்கல்பத்தைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, அந்த மெட்டின் உள்ளே ஓர் இடம் கண்ணில் பட்டது.

மண்டபத்தில் இருநூறு பேர் பாடும்போது என்ன நடக்கிறது? அவரவர் வாய்க்கு வந்த சுருதியில் தொடங்குகிறார்கள். முதல் இரண்டு வரிகளில் ஏதோ ஒரு சுருதிக்கு ஏறத்தாழக் கூடி வருகிறார்கள். மூன்றாம் வரியில் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமத்துக்கு ஒரு முழு ஸ்தாயித் தாவல் வருகிறது. அங்கே பாதிப் பேர் ஏறுகிறார்கள், மற்றவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள், பெரியப்பா ஒருவர் கீழ் ஸ்தாயியிலேயே இருந்துவிடுகிறார். அந்தச் சிதறலுக்குப் பிறகு மெட்டு ஸ, நி, த என்று இறங்குகிறது. அந்த நி, த என்ற இரண்டு ஸ்வரங்கள்தான் பெயருக்கு ஒதுக்கிய இடம். ஈரசை ஆங்கிலப் பெயரை நினைத்துச் செய்த சட்டை அது. நம் பிள்ளையின் பெயர் தமிழ்ச்செல்வன் என்றால் அதற்குள் நுழையாது. சிலர் முழுப்பெயரை அடக்கப் பார்க்கிறார்கள், சிலர் வீட்டுப் பெயரைச் சொல்கிறார்கள், சிறுவர்கள் அண்ணன் என்கிறார்கள், அலுவலக நண்பர்கள் சுருக்கப் பெயரைச் சொல்கிறார்கள். பாட்டு அங்கே நின்று, எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு கடைசி வரிக்குப் போகிறது.

சங்கல்பமும் பெயரில் வந்து நிற்கிறது, இந்த மெட்டும் பெயரில் வந்து நிற்கிறது. உங்கள் காலைக்கும் மாலைக்கும் இடையே காணாமல் போன உறவு இதுதான் என்று நினைக்கிறேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு தாவலையும் இந்த இரண்டு ஸ்வரங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டால், யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் எல்லாருக்கும் எங்கோ கேட்டதாக இருக்கும்.

செந்தூல் லயம்

மிகச் சரி. அந்தத் தாவலை நரம்பிசையில் ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசிக்கும் ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு சுருதியில் எழுதினால், மண்டபத்தின் இருநூறு குரலும் கேட்கும். அதை ஐம்பத்தொன்பதாம் ஆவர்த்தனத்தில் வையுங்கள். அறுபதாவதில் ஸட்ஜம் மட்டும் நிற்கட்டும். மூன்று சுழற்சிகளும் கூடும் அடியில் நி, த விழட்டும்.

அந்த மெட்டு முழுவதும் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில்தான் இருக்கிறது என்பதால் நாயனக்காரருக்கு ராகக் குழப்பமும் வராது. அந்த இரண்டு ஸ்வரங்களை அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வளர்த்துக்கொள்ளலாம். பெயருக்குரிய இடம் அவருடையது. நீலாம்பரியும் சங்கராபரணத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே. உங்கள் தாலாட்டை எறிந்துவிடவேண்டாம்.

சுங்கை நிபோங் செல்லோ

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு பாகங்கள் என்ற அமைப்பை விட்டுவிட்டேன். இப்போது ஒரே ஓட்டம்: முழுக் குழுவும் சுழற்சிகளைத் தொடங்குகிறது, டிரம்போன்கள் 30 அடிக்கு ஒருமுறை, ஹார்ன்கள் 12 அடிக்கு ஒருமுறை, கண்ட திரிபுடையின் தட்டுகள் கைத்தாளத்தில். ஆவர்த்தனங்கள் கூடக்கூடக் கருவிகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. தாலாட்டு முழுமையாக எங்கும் வராது. அதன் நான்கு ஸ்வரச் சொற்றொடர் ஒன்று வயோலாவிலிருந்து கிளாரினெட்டுக்குப் போய், பதினைந்து ஆவர்த்தனம் கழித்து ஹார்னின் அடியோடு கோத்துத் திரும்புகிறது. வாங்கிய பாத்திரத்தைப் பற்றி எழுதிய ஆயர் ஈத்தாம் வாசிக்கு அதற்கான நன்றி. ஐம்பத்தொன்பதில் தாவல். அறுபது முடிந்ததும் பின்வாயிலிலிருந்து நாதஸ்வரம். மேடையில் திறந்த டி தந்திகள் மட்டும்.

27 அடிச் சுழற்சியின் தொடக்கத்தைக் குறிக்க ஓர் ஒலி வேண்டும். சேகண்டி (தட்டி ஒலிக்கும் வெண்கலத் தட்டு) பொருந்துமா?

செந்தூல் லயம்

வேண்டவே வேண்டாம். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்குச் சாவு வீடு நினைவுக்கு வரும். பூசைக் கைமணியை ஒரே ஒருமுறை அசைத்து உடனே பிடித்துவிடச் சொல்லுங்கள். ஒலி நீளக்கூடாது.

இரட்டைச் சீவாளி

நடைமுறை பற்றி ஒன்று மட்டும். நாதஸ்வரக் கலைஞருக்கு ஐந்து கோட்டு இசைத்தாளை அனுப்பாதீர்கள். ஸ்வரத்தைத் தமிழில் எழுதி, தவில்காரர் அறுபது முடித்துத் தலையசைத்ததும் தொடங்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நம் கோவில்களில் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர்கள் என்பதால், கோவில் நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். மாலைப் பூசை நேரத்தில் ஒத்திகை வைக்காதீர்கள். இசையமைப்பாளர்கள் எப்போதும் மறந்துவிடும் ஒன்று: பின்வாயில் கதவைக் கச்சேரி தொடங்கியதும் அரங்க ஊழியர்கள் சாத்திவிடுவார்கள். அதைத் திறந்து வைக்க ஒருவரை இப்போதே பேசிவையுங்கள்.